உக்ரைன் குடும்பத்துக்கு வீட்டில் இடம் கொடுப்பது எப்படி: பிரிட்டனில் இருக்கும் நம்மவர்களுக்கு ஒரு வழிகாட்டி

2022 கோடையில் ஹார்கிவ் நகரத்திலிருந்து ஒரு அம்மாவும் அவருடைய ஒன்பது வயது மகனும் எங்கள் லண்டன் வீட்டு மாடி அறைக்கு வந்து சேர்ந்தார்கள். பதினாறு மாதங்கள் எங்களோடு இருந்தார்கள். அன்றிலிருந்து கோயிலிலும் கலியாண வீட்டிலும் பலர் என்னிடம் கேட்டுவிட்டார்கள்: "எங்கள் வீட்டிலும் ஒரு அறை சும்மாதான் கிடக்கிறது. எங்கே தொடங்குவது?"

எண்பதுகளின் கடைசியில் நான் இந்த ஊரில் வந்து இறங்கியபோது, ஊர்க்கார அண்ணா ஒருவர் வீட்டு முன்னறை சோபாவில்தான் ஏழு மாதம் படுத்தேன். அதனால் இந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்லி அனுப்ப மனம் வருவதில்லை. நாங்கள் எந்த இடத்தில் தடுக்குப்பட்டோமோ அந்த இடங்களை எல்லாம் வரிசையாக எழுதுகிறேன். இது 'ஹோம்ஸ் ஃபார் யுக்ரைன்' என்ற அரசாங்கத் திட்டத்தைப் பற்றியது. விதிகளை 2025 நிலவரப்படி இங்கிலாந்தை வைத்துச் சொல்கிறேன். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் இருப்பவர்கள் அங்குள்ள நடைமுறையைத் தனியாகப் பாருங்கள்.

1. உங்களுக்குத் தகுதி இருக்கிறதா என்று பாருங்கள்

தொடக்கத்தில் ஆறு மாத விசா கையில் இருந்தாலே வீட்டில் இடம் கொடுக்க முடிந்தது. 2024 பெப்ரவரி 19க்குப் பிறகு அப்படி இல்லை. நீங்கள் பிரித்தானிய அல்லது ஐரிஷ் குடிமகனாக இருக்க வேண்டும், இல்லையென்றால் இங்கே நிரந்தர வதிவிட உரிமை இருக்க வேண்டும். மாணவர் விசா, வேலை விசாவில் இருப்பவர்கள் இனி விண்ணப்பிக்க முடியாது. இது தெரியாமல் ஒரு குடும்பத்துக்கு வாக்குக் கொடுத்துவிட்டு, பிறகு 'முடியாது' என்று சொல்ல வேண்டி வந்த ஒருவரை எனக்குத் தெரியும். வாக்குக் கொடுப்பதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

குறைந்தது ஆறு மாதம் இடம் தருவதாக நீங்கள் உறுதி சொல்ல வேண்டும். வாடகை வாங்கக் கூடாது. மின்சாரம், கேஸ் செலவில் நியாயமான ஒரு பங்கைக் கேட்கலாம்.

2. வீடு பற்றிய அனுமதிகளை முதலில் எடுங்கள்

வாடகை வீடு என்றால் வீட்டுச் சொந்தக்காரரின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். கவுன்சில், அதாவது உள்ளூராட்சி, கொடுத்த வீட்டுக்கும் இது பொருந்தும். சொந்த வீடு என்றால் மோர்கேஜ் கொடுத்த வங்கிக்கும் வீட்டுக் காப்புறுதி நிறுவனத்துக்கும் ஒரு மின்னஞ்சல் அனுப்பிப் பதிலைப் பத்திரப்படுத்துங்கள். போனில் "பரவாயில்லை" என்று சொல்வதோடு விட்டுவிடாதீர்கள்.

3. யாரை அழைக்கிறீர்கள் என்று தெரிந்து அழையுங்கள்

விசா விண்ணப்பத்தில் உங்கள் பெயரும் விருந்தினரின் பெயரும் சேர்ந்தே இருக்க வேண்டும். அரசாங்கம் ஆள் பிடித்துத் தராது. ஏற்கெனவே இங்கே இருக்கும் உக்ரைன் குடும்பத்தின் வழியாகத் தெரிந்துகொள்வதுதான் நல்லது. ஒபோரா போன்ற உக்ரைனியர்களுக்கான தொண்டு நிறுவனங்களும் இதில் உதவுகின்றன.

முகநூல் குழுக்களில் நேரடியாக ஆள் தேடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். 2022 ஏப்ரலிலேயே ஐ.நா. அகதிகள் முகமை இதைப் பற்றி எச்சரித்தது. தனியாக வரும் பெண்களையும் குழந்தைகளோடு வரும் தாய்மாரையும் தனியே வாழும் ஆண்களின் வீட்டுக்குச் சேர்த்துவிடக் கூடாது என்று சொன்னது. அந்த எச்சரிக்கைக்குக் காரணம் இருந்தது. வருகிறவர்களில் பெரும்பாலானோர் பெண்களும் பிள்ளைகளும்தான். போர்க்காலச் சட்டத்தின்படி 18 முதல் 60 வயது வரையுள்ள ஆண்கள் நாட்டை விட்டு வெளியேற முடியாமல் இருந்தது. 2025 ஆகஸ்டில்தான் 22 வயது வரை உள்ளவர்களுக்குத் தளர்வு வந்தது.

விண்ணப்பிக்கும் முன் வீடியோவில் இரண்டு மூன்று தடவையாவது பேசுங்கள். அறையைக் காட்டுங்கள், குளியலறையைப் பகிர வேண்டும் என்றால் அதையும் காட்டுங்கள். வீட்டில் எத்தனை பேர், யார் சைவம், சாமி அறை எங்கே, நாய் இருக்கிறதா, அருகில் ரயில் நிலையம் எவ்வளவு தூரம் என்று எல்லாவற்றையும் சொல்லுங்கள். எங்கள் வீட்டுச் சமையலறையில் மாட்டிறைச்சி சமைப்பதில்லை என்பதை நான் முதலிலேயே சொல்லக் கூச்சப்பட்டேன். வந்து மூன்றாம் நாள் அது தெரிந்ததும் அந்த அம்மா, தான் ஏதோ பெரிய தப்பு செய்துவிட்டதாக நினைத்து அழுதுவிட்டார். முன்பே ஒரு வாக்கியத்தில் சொல்லியிருக்க வேண்டிய விஷயம் அது.

4. விசா விண்ணப்பம்

விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. என்.எச்.எஸ். என்ற அரசாங்க மருத்துவச் சேவைக்கான கட்டணமும் இல்லை. யாராவது 'விசா எடுத்துத் தருகிறேன்' என்று பணம் கேட்டால் அது ஏமாற்று. படிவம் ஆங்கிலத்தில் இருப்பதால் அவர்களுக்காக நீங்களே உட்கார்ந்து நிரப்பலாம். நாங்கள் போனை ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு இரவு பத்து மணியிலிருந்து ஒன்றரை மணிவரை நிரப்பினோம்.

கவனிக்க வேண்டியவை:

ஒவ்வொருவருக்கும் தனி விண்ணப்பம். கைக்குழந்தைக்கும் தனியாகத்தான்.

விண்ணப்பிப்பவர் உக்ரைன் குடிமக்களாகவோ அவர்களின் நெருங்கிய குடும்பத்தினராகவோ இருக்க வேண்டும். 2022 ஜனவரி 1க்கு முன் உக்ரைனில் வசித்திருக்க வேண்டும். விண்ணப்பிக்கும்போது பிரிட்டனுக்கு வெளியே இருக்க வேண்டும். சுற்றுலாவாக வந்துவிட்டு இங்கிருந்து மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்து யாரும் கிளம்பிவிட வேண்டாம்.

விரல்ரேகையும் படமும் கொடுக்க விசா நிலையத்துக்குப் போக வேண்டும். போலந்தில் வார்சா நிலையத்துக்குப் போய் வருபவர்கள் பலர். பயணச் செலவையும் அங்கே தங்கும் செலவையும் முன்கூட்டியே பேசி வையுங்கள்.

பெற்றோர் இல்லாமல் வரும் 18 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு விதிகள் மிகக் கடுமை. பெற்றோரின் சம்மதக் கடிதத்தை நோட்டரியிடம் உறுதிப்படுத்த வேண்டும், உங்கள் கவுன்சிலும் தனியாக அனுமதிக்க வேண்டும். இதற்குப் பல மாதங்கள் ஆகலாம்.

பெயர் விஷயத்தில்தான் நாங்கள் அதிகம் மாட்டிக்கொண்டோம். உக்ரைன் குடும்பப் பெயர்கள் பல ஆணுக்கு ஒரு விகுதியிலும் பெண்ணுக்கு வேறு விகுதியிலும் முடியும். மகன் 'ஸ்கி' என்றால் அம்மா 'ஸ்கா'. இங்குள்ள அலுவலர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு இவர்கள் தாயும் மகனும்தானா என்று சந்தேகப்பட்டார். போதாததற்குப் பழைய தாள்களில் ரஷ்ய உச்சரிப்பில் எலேனா, புதிய பாஸ்போர்ட்டில் உக்ரைன் உச்சரிப்பில் ஒலெனா. அப்பா பெயரைக் கடைசிப் பெயராக வைத்துக்கொண்டு இந்த நாட்டில் தலைமுறைக்கொரு குடும்பப் பெயரோடு வாழும் நமக்கு இந்தத் தலைவலி புதிதல்ல. வழி ஒன்றுதான்: எல்லாப் படிவத்திலும் பாஸ்போர்ட்டில் உள்ள ஆங்கில எழுத்துகளை அப்படியே, எழுத்துக்கு எழுத்து எழுதுங்கள். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழைச் சான்றளிக்கப்பட்ட மொழிபெயர்ப்போடு கொண்டுவரச் சொல்லுங்கள். எங்களுக்கு ஒரு பக்க மொழிபெயர்ப்புக்கு 35 பவுண்டு ஆனது.

விசா கிடைத்த பிறகுதான் விமானச் சீட்டு வாங்க வேண்டும். இப்போது கொடுக்கப்படும் அனுமதி 18 மாதம். 2024 பெப்ரவரிக்கு முன் மூன்று வருடம் கொடுத்தார்கள், பழைய கட்டுரைகளைப் படித்துக் குழம்ப வேண்டாம்.

5. கவுன்சிலின் சோதனைகள்

கவுன்சில் ஆள் வீட்டைப் பார்க்க வருவார். ஒவ்வொரு மாடியிலும் புகை அலாரம் வேலை செய்கிறதா, கேஸ் பாய்லர் இருக்கும் அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்கிறதா, கேஸ் சோதனை எப்போது செய்தீர்கள், யார் எந்த அறையில் படுப்பார்கள் என்று கேட்பார். எனக்குக் கேஸ் சோதனைக்கு 70 பவுண்டு, இரண்டு அலாரத்துக்கு 40 பவுண்டு செலவானது. அவர் வருவதற்கு முன் இதைச் செய்து வைத்தால் இரண்டாவது வருகை மிச்சம்.

அடுத்தது டிபிஎஸ் என்ற குற்றப் பின்னணிச் சோதனை. வீட்டில் இருக்கும், 16 வயதும் அதற்கு மேலும் உள்ள எல்லோருக்கும் செய்ய வேண்டும். பிள்ளைகளோடு ஒரு குடும்பம் வந்தால் இன்னும் விரிவான சோதனை. உங்களுக்குச் செலவில்லை.

இதில் நம் வீடுகளுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. 'வீட்டில் எத்தனை பேர்' என்று கேட்டால் நாம் கணவன், மனைவி, பிள்ளைகளை மட்டும் எண்ணுவோம். ஊரிலிருந்து வந்து நிற்கும் பெரியம்மாவும், முன்னறையில் படுத்து யூனிவர்சிட்டிக்குப் போகும் மருமகனும் கணக்கில் வரமாட்டார்கள். அவர்களும் சேர்த்திதான். நான் என் தம்பி மகனின் பெயரைக் கொடுக்காமல் விட்டதால் எங்கள் விண்ணப்பம் மூன்று வாரம் நின்றது. அந்த மூன்று வாரமும் அவர்கள் இருவரும் போலந்தில் ஒரு பள்ளி விளையாட்டு மண்டபத்தில் கட்டில் போட்டுப் படுத்திருந்தார்கள். தயவுசெய்து எல்லாப் பெயரையும் கொடுங்கள்.

6. பணம்: உங்களுக்கு எவ்வளவு, அவர்களுக்கு எவ்வளவு

உங்களுக்கு மாதம் 350 பவுண்டு 'நன்றித் தொகை'யாக வரும். எத்தனை பேர் வந்தாலும் வீட்டுக்கு ஒரே தொகைதான். முன்பு ஒரு வருடம் கழிந்ததும் 500 ஆகக் கூட்டினார்கள். 2025 ஏப்ரலிலிருந்து எல்லோருக்கும் 350தான். இதற்கு வரி இல்லை, நீங்கள் அரசாங்க உதவித்தொகை வாங்கினால் அதையும் இது குறைக்காது, தனியாள் கவுன்சில் வரிச் சலுகையும் போகாது. சோதனைகள் முடிந்த பிறகு, மாதம் கழிந்துதான் கணக்கில் வரும். ஆகவே முதல் இரண்டு மாதச் செலவை உங்கள் கையிலிருந்து பார்க்க வேண்டியிருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு மின்சாரம், கேஸ், சாப்பாடு என்று குளிர்காலத்தில் மாதம் 400 பவுண்டு வரை கூடுதலானது.

விருந்தினர் ஒவ்வொருவருக்கும், குழந்தை உட்பட, கவுன்சில் ஒரே தடவை 200 பவுண்டு கொடுக்க வேண்டும். இதைப் பல இடங்களில் கேட்டால்தான் கொடுக்கிறார்கள். 2023 முதல் புதிதாக வரும் ஒவ்வொருவருக்காகவும் மத்திய அரசு கவுன்சிலுக்கு 5,900 பவுண்டு ஒதுக்கியது. ஆகவே ஆங்கில வகுப்பு, பள்ளிச் சீருடை, பயண அட்டை என்று என்ன உதவி இருக்கிறது என்று கேட்கத் தயங்க வேண்டாம். அது அவர்களுக்கென்று வந்த பணம்.

7. முதல் இரண்டு வாரம்

இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். இங்கே ஒரு தாள் இன்னொரு தாளுக்காகக் காத்திருக்கும். வரிசை தப்பினால் எல்லாமே பின்னால் போகும்.

முதலில் ஒரு தடித்த கோப்பு வாங்குங்கள். பாஸ்போர்ட் நகல், பிறப்புச் சான்றிதழும் மொழிபெயர்ப்பும், விசாக் கடிதம், தடுப்பூசி அட்டை, எல்லாவற்றுக்கும் மேல் உங்கள் கையெழுத்தோடு 'இவர்கள் இந்தத் தேதியிலிருந்து என் வீட்டில் வசிக்கிறார்கள்' என்ற ஒரு கடிதம். இந்தக் கடிதம் எங்களுக்கு எத்தனை கதவைத் திறந்தது என்று சொல்லி முடியாது. கூடவே கவுன்சிலிடமிருந்தும் அவர்கள் பெயருக்கு, உங்கள் முகவரிக்கு ஒரு கடிதம் கேட்டு வாங்குங்கள். முகவரிச் சான்றாக வங்கிகள் அதைத்தான் விரும்புகின்றன.

முதல் இரண்டு நாளில்: இங்குள்ள சிம், யூகேவிஐ என்ற விசா, குடிவரவுத் துறையின் இணையக் கணக்கு, அதில் பார்க்கும் ஈ-விசா. பிளாஸ்டிக் அட்டை காலம் 2024 டிசம்பரோடு முடிந்துவிட்டது, இப்போது எல்லாமே இணையத்தில்தான். கணக்கைத் திறக்கும்போது அவர்களுடைய சொந்த மின்னஞ்சலையும் சொந்தப் போன் எண்ணையும் கொடுங்கள். உதவி செய்கிறேன் என்று உங்கள் மின்னஞ்சலைப் போட்டால், பிறகு அவர்கள் வேறு வீடு போன பின்னும் பாதுகாப்புக் குறியீடு உங்கள் போனுக்குத்தான் வரும்.

அடுத்து வங்கிக் கணக்கு. ஒரு வங்கி எங்களை இரண்டு முறை திருப்பி அனுப்பியது. மூன்றாம் முறை வேறு வங்கியின் பெரிய கிளைக்கு நேரம் குறித்துக்கொண்டு போனோம், அரை மணி நேரத்தில் முடிந்தது. இணையத்தில் முயன்று நாள் கடத்த வேண்டாம்.

கணக்கு கிடைத்ததும் யூனிவர்சல் கிரெடிட் என்ற அரசாங்க உதவித்தொகை. இந்தத் திட்டத்தில் வருபவர்களுக்கு முதல் நாளிலிருந்தே உரிமை உண்டு. ஆனால் முதல் தொகை வர ஐந்து வாரம் ஆகும். முன்பணம் கேட்கலாம், அது கடன், பின்னால் மாதாமாதம் பிடித்துக்கொள்வார்கள். அந்த ஐந்து வாரத்தைக் கடக்கத்தான் மேலே சொன்ன 200 பவுண்டு. பிள்ளை இருந்தால் சைல்ட் பெனிஃபிட் என்ற பிள்ளைகளுக்கான உதவித்தொகைக்கும் அதே வாரத்தில் விண்ணப்பியுங்கள்.

வேலை செய்ய வந்த நாளிலிருந்தே அனுமதி உண்டு. தேசியக் காப்புறுதி எண்ணுக்கு இணையத்தில் இலவசமாக விண்ணப்பிக்கலாம். எண் வரும்வரை வேலையில் சேர முடியாது என்று நான் தவறாக நினைத்து, ஒரு பேக்கரியில் கிடைத்த வேலையை அந்த அம்மா தள்ளிப்போடும்படி சொல்லிவிட்டேன். அது தவறு. ஈ-விசாவில் இருந்து எடுக்கும் பகிர்வுக் குறியீட்டைக் காட்டினால் வேலை தரலாம், எண்ணைப் பிறகு கொடுக்கலாம்.

ஜி.பி. என்ற குடும்ப மருத்துவரிடம் பதிவதற்கு முகவரிச் சான்றோ அடையாள அட்டையோ கட்டாயமில்லை. வரவேற்பு மேசையில் கேட்டால், 'கட்டாயமில்லை' என்று பணிவாகச் சொல்லிப் படிவத்தை வாங்குங்கள். பள்ளிக்குக் கவுன்சிலின் நடுவருடச் சேர்க்கைப் பிரிவில் விண்ணப்பம். அருகில் இடமில்லை என்றால் காத்திருப்போர் பட்டியலில் பெயரைப் போட்டுவிட்டு, கிடைக்கிற பள்ளியில் சேர்த்துவிடுங்கள். வீட்டில் சும்மா இருக்கும் பிள்ளை நாள் முழுக்கப் போரைத்தான் போனில் பார்த்துக்கொண்டிருக்கும்.

8. வீட்டுக்குள்

அரசாங்கம் கொடுக்கும் மாதிரி ஒப்பந்தப் படிவத்தை இருவரும் படித்துக் கையெழுத்திடுங்கள். இது வாடகை ஒப்பந்தம் இல்லை. சாவி, சமையல் நேரம், விருந்தாளிகள், வாஷிங் மெஷின், குளியலறை எல்லாம் அதில் வரட்டும். மொழிபெயர்ப்புச் செயலியை வைத்துச் சண்டை பிடிக்க முடியாது, சமாதானமும் பேச முடியாது. முக்கியமான பேச்சுக்கு உக்ரைன் மொழி தெரிந்த ஒருவரைப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். ரஷ்ய மொழி தெரிந்தவர் போதும் என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள், கேளுங்கள். ஹார்கிவ் பக்கத்து ஆட்கள் பலர் ரஷ்ய மொழியிலேயே வளர்ந்தவர்கள்தான், ஆனாலும் எங்கள் விருந்தினர் அந்த மொழியில் பேசுவதை நிறுத்திவிட்டிருந்தார்.

அவருடைய போனில் வான்தாக்குதல் எச்சரிக்கைச் செயலி இருந்தது. ஹார்கிவில் சைரன் அடித்தால் எங்கள் சமையலறையிலும் அடிக்கும். முதல் ஞாயிற்றுக்கிழமை காலை நான் தோசை சுட்டுக்கொண்டிருந்தபோது அது அலறியது. அவர் போனை எடுத்தார், அங்கே இருக்கும் தன் தாய்க்கு ஒரு செய்தி அனுப்பினார், பதில் வரும்வரை நின்றபடியே நின்றார், பதில் வந்ததும் உட்கார்ந்து தட்டை இழுத்துக்கொண்டார். "அதை அணைத்து வையுங்களேன்" என்று சொல்ல வாயெடுத்தேன், என் மனைவி கண்ணால் தடுத்தாள். சொல்லாதீர்கள்.

தீபாவளியும் நவம்பர் 5 வாணவேடிக்கையும் அடுத்தடுத்து வரும். நம் தெருக்களில் இரண்டு வாரம் வெடிதான். முன்பே சொல்லுங்கள், தேதியைக் காட்டுங்கள். நாங்கள் சொன்னோம், இருந்தும் முதல் வெடிக்கே பையன் சாப்பாட்டு மேசைக்குக் கீழே போய் இரண்டு காதையும் பொத்திக்கொண்டான். அந்த வருடம் எங்கள் வீட்டில் விளக்கு மட்டும்தான் ஏற்றினோம். பயம், தூக்கமின்மை வாரக்கணக்கில் நீடித்தால் ஜி.பி.யிடமும் பள்ளியிடமும் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் சொன்னால்தான் உதவி சீக்கிரம் வரும்.

சாப்பாட்டுக்குப் பெரிய ஏற்பாடு வேண்டாம். போலிஷ் கடையில் கிரேச்கா என்ற தானியம் கிடைக்கும், புளித்த கிரீமும் அங்கே உண்டு. அவர்களே சமைக்க ஒரு அடுப்பும் ஃபிரிட்ஜில் ஒரு தட்டும் ஒதுக்கிக் கொடுங்கள்.

9. நான்காம் மாதமே அடுத்த வீட்டைப் பற்றிப் பேசுங்கள்

நாங்கள் பேசவில்லை. பேசினால் போகச் சொல்வதாக நினைப்பார்கள் என்று நாங்கள் பயந்தோம். போகச் சொல்லிவிடுவார்களோ என்று அந்த அம்மா பயந்தார். பத்தாம் மாதம் தான் உட்கார்ந்து பேசினோம். வாடகை வீடு தேடி, முன்வைப்புப் பணம் சேர்த்து, உத்தரவாதம் கொடுக்க ஆள் பிடிக்க ஆறு மாதம் போய்விட்டது. பல கவுன்சில்கள் முன்வைப்புத் தொகைக்கும் முதல் மாத வாடகைக்கும் உதவுகின்றன, ஆனால் வீடு கிடைத்து ஒப்பந்தம் போடும் முன்பே கேட்க வேண்டும். உங்களுக்கும் அவர்களுக்கும் ஒத்துவரவில்லை என்றால் கவுன்சில் வேறு வீட்டோடு சேர்த்துவிட முடியும். வீட்டைக் காலி செய்யச் சொல்லும் முன் கவுன்சிலோடு பேசுங்கள்.

10. விசா நீட்டிப்பு

'யுக்ரைன் பெர்மிஷன் எக்ஸ்டென்ஷன்' 2025 பெப்ரவரி 4ஆம் தேதி திறந்தது. 2025இல் இன்னொரு 18 மாதம் தந்தது. கட்டணமில்லை. பிரிட்டனுக்குள் இருந்துகொண்டே இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். மிக முந்தி விண்ணப்பித்தால் நிராகரிப்பார்கள். தொடக்கத்தில் காலாவதிக்கு முந்தைய 28 நாட்களுக்குள் மட்டும்தான் விண்ணப்பிக்க முடிந்தது. எத்தனை நாள் முன்பு என்பதை அந்த வாரத்தில் அரசாங்க இணையதளத்தில் பார்த்துவிட்டே தொடங்குங்கள். காலாவதித் தேதி கடந்து விண்ணப்பித்தால் வேலை, உதவித்தொகை, வாடகை எல்லாம் கேள்விக்குறியாகிவிடும். தேதிக்கு முன் அனுப்பிவிட்டால், பதில் வரும்வரை பழைய உரிமைகள் அப்படியே தொடரும். வேலை கொடுத்தவர் பயந்தால் உள்துறை அலுவலகத்தின் சரிபார்ப்புச் சேவையில் கேட்கச் சொல்லுங்கள்.

அம்மாவுக்கும் மகனுக்கும் காலாவதித் தேதி வேறு வேறாக இருக்கலாம். எங்களுடையவர்களுக்குப் பதினொரு நாள் வித்தியாசம். இரண்டையும் போன் நாட்காட்டியில் போடுங்கள், உங்கள் போனிலும் அவர் போனிலும்.

இந்தத் திட்டத்தில் இருக்கும் வருடங்கள் நிரந்தர வதிவிடத்துக்குக் கணக்கில் சேராது. இதைச் சொல்லக் கஷ்டமாக இருக்கும், ஆனாலும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். பிள்ளையின் படிப்பை, வேலையை அவர்கள் அதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். எங்கள் பையன் இங்கே பள்ளி முடிந்து வந்து மாலையில் உக்ரைன் பள்ளியின் பாடத்தையும் இணையத்தில் படித்தான். அதற்குக் காரணம் இதுதான்.

வேறு வீட்டுக்குப் போகும் நாளில், பெட்டி ஏற்றும் முன் யூகேவிஐ கணக்கு, வங்கி, யூனிவர்சல் கிரெடிட், ஜி.பி., பள்ளி ஐந்திலும் முகவரியை மாற்றிவிடுங்கள். அதே நாளில் கவுன்சிலுக்கும் ஒரு மின்னஞ்சல், அன்றோடு உங்கள் நன்றித் தொகை நிற்க வேண்டும். பிந்தினால் கூடுதலாக வந்ததைத் திருப்பிக் கேட்பார்கள். அவர்கள் பெயரில் உங்கள் வீட்டுக்கு வரும் கடிதங்களை ஆறு மாதம்வரை திறக்காமல் சேர்த்து வைத்துக் கொடுங்கள். எங்கள் வீட்டுக்குக் கடைசியாக வந்தது பையனின் கண் பரிசோதனைக்கான ஆஸ்பத்திரிக் கடிதம், குறித்த தேதிக்கு நான்கு நாள் முன்பு.